காற்றை நம்பாத ஹெட்போன் சார்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் சரியாக நான்கு பேர். தென்னூர் ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் ஓனரம்மா, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த உபன்யாசகரின் தம்பி, ஹெட்போன் சார், நான். சுவரில் மாட்டிய டிவிக்குள் அமெரிக்காவில் உட்கார்ந்திருந்த உபன்யாசகர் சுவாமியையும் சேர்த்தால் ஐந்து. இரண்டு தடவை எண்ணினேன். பதற்றம் வந்தால் ஆளை எண்ணுவது என் வழக்கம்.

திருச்சியில் பிறந்து காற்றைப் பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் ஹெட்போன் சார்தான். சாயங்காலமானால் ஊரே காவிரிப் பாலத்தில் போய்க் காற்று வாங்கும். இவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். “சத்தத்தைக் கெடுக்கிறதே காத்துதான் தம்பி. ஒரு தடவை காத்துல கால் வெச்சுட்டா அது அசுத்தம்” என்பார். கழுத்தில் எந்நேரமும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும். அது காதுக்கு ஏறி யாரும் பார்த்ததில்லை. “சத்தத்தை அளக்குற மீட்டர்ல பச்சை ஆடுதா? அப்புறம் காது எதுக்கு?” என்று கேட்கிறவரிடம் சொந்தப் பெயரை யார் கேட்பார்கள்?

அவருடைய உயிர் டிபன் பாக்ஸ் அளவு சிவப்புப் பெட்டி ஒன்றில் இருந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். முக்கொம்பில் ஷட்டரைத் தூக்கி இந்தத் தண்ணீர் காவிரிக்கு, அந்தத் தண்ணீர் கொள்ளிடத்துக்கு என்று பிரித்து விடுவதில்லையா, அந்த மாதிரி எந்தச் சத்தம் எந்த வழியில் போக வேண்டும் என்று இந்தப் பெட்டிக்குச் சொல்லலாம். அதில் லூப்பேக் என்று ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டர் தனக்குள் பாடுகிறதை வெளியே விடாமல், உள்ளுக்குள்ளேயே திருப்பிப் பதிவு செய்துகொள்ளும். ஸ்பீக்கர் வேண்டாம், மைக் வேண்டாம், முக்கியமாகக் காற்று வேண்டாம். ஹெட்போன் சாருக்கு மோட்சம் வேறு எங்கே இருக்கிறது?

அவர் பெருமையைச் சொல்லி முடியாது. பக்கத்து அறையிலிருந்து எனக்குப் போன் பண்ணுவார். “சார், கதவைத் தொறந்து நேரா சொல்லலாமே?” என்றால், “நடுவுல காத்து இருக்குல்ல” என்பார். புத்தூரில் ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, “ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்தான வருது? இதை ஸ்டீரியோவா மாத்தக் கூடாதா டாக்டர்?” என்று கேட்டாராம். பிரஷர் மாத்திரையோடு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர்.

எடமலைப்பட்டி புதூர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவருக்கு ஆட்டோவில் வைத்து ஓட்டும் விளம்பரம் பதிவு செய்தோம். இரைச்சல் துளியும் இல்லை. பின்னணி இசை தேனாக ஒழுகியது. பேசினவரின் குரல் மட்டும் இல்லை.

“எங்கங்க குரலு?” என்றார் கடைக்காரர்.

“ரூட்டு கரெக்டா இருக்குங்க. பேசினவர்தான் தப்பான எடத்துல உக்காந்துட்டார்.”

இதுதான் ஹெட்போன் சார். உலகத்தில் எது தப்பினாலும் அவர் போட்ட ரூட்டு தப்பாது. கரண்ட் போனால் மின்வாரியத்தின் ரூட்டு தப்பு. பதினோரு வருஷ சர்வீஸில் “என் தப்பு” என்று அவர் வாய் சொன்னதாக வரலாறு இல்லை.

இனி என் கதை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த ஒரே இடம் இந்த ஸ்டூடியோ. அங்கேயும் இரண்டு பதிவுகளைப் பதற்றத்தில் அழித்திருந்தேன். அன்று காலையில் ஓனரம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார். “இந்தா பாரு, இன்னிக்கும் ஏதாவது சொதப்புன, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.” ஆறுதலாகப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

காரியமும் லேசானதில்லை. மார்கழி தோறும் ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் உபன்யாசம் பண்ணும் சுவாமி, அந்த வருஷம் மகள் பிரசவத்துக்காக அமெரிக்காவில் மாட்டிக்கொண்டார். வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பதிவு செய்ய வேண்டும். சாயங்காலம் மண்டபத்தில் அதைப் போடுவார்கள். “அண்ணா ஒரு தடவைதான் சாதிப்பார். ரெண்டாம் தடவைங்கிற பேச்சே கெடையாது” என்று தம்பி முன்கூட்டியே எச்சரித்தார். சாதிப்பது என்றால் அவர்கள் பாஷையில் சொல்வது. பேங்கில் ரிட்டயர் ஆனவர். குரலில் இன்னும் கவுன்டர் மூடவில்லை.

ஹெட்போன் சார் ரூட்டைப் போட்டார். ஸ்பீக்கரை அணைத்தார். சுவாமி பேச ஆரம்பித்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மீட்டரில் பச்சை மட்டும் ஆடியது. தம்பி, ஊமைப் படமாக ஓடிய அண்ணாவைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஓனரம்மா செல்போனை நோண்டினார்.

“மீட்டரைப் பாத்துக்கோ. எதையும் தொடாத” என்று சொல்லிவிட்டு ஹெட்போன் சார் டீ குடிக்கக் கீழே போனார். போகும்போது கழுத்திலிருந்த ஹெட்போனும் கூடவே போனது. ஸ்டூடியோவில் இருந்த ஒரே ஹெட்போன்.

பச்சை ஆடியது. ஆனால் ஜவுளிக் கடைக்கும் பச்சை ஆடத்தானே செய்தது? எனக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை மற்றவர்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கரும் அணைந்திருக்கிறது. யாருக்குக் கேட்கப் போகிறது என்று, அதே கம்ப்யூட்டரில் ‘லூப்பேக் சரியாகப் பதிவாகிறதா, கண்டுபிடிப்பது எப்படி’ என்ற வீடியோவைத் தேடி எடுத்தேன். அதன் முகப்புப் படத்திலேயே ஓர் அம்புக்குறி ஒரு கட்டத்தைக் காட்டியது. அம்புக்குறி ஒரு கட்டத்தைக் காட்டியது. பிறகு வீடியோவை ஓட விட்டேன். சத்தமில்லாமல் ஒருவர் வாயசைத்தார்.

டிவியில் சுவாமி சட்டென்று நின்றார். மேலே பார்த்தார். காதில் கைவைத்தார். பிறகு என்னவோ சொல்லி, குனிந்து எதையோ திருகி, இரு கையையும் கூப்பினார்.

பாதிக் கண்ணைத் திறந்த தம்பி உருகிப் போனார். “அடடா, அண்ணாவோட முகபாவத்தைப் பாருங்கோ! பெருமாள் நேர்ல வந்துட்டாப்ல இருக்கு!”

முடிந்ததும் ஹெட்போன் சார் வந்தார். தம்பிக்குக் கேட்டுப் பார்க்க ஆசை. ஸ்பீக்கரைப் போட்டோம். சுவாமி சரணாகதியை விளக்கிக்கொண்டிருந்தார்.

“அவனைத் தவிர நமக்கு வேற கதி ஏது? நாம என்ன பண்ணணும்?”

“வணக்கம் மக்களே! பதறாதீங்க, முதல்ல செட்டிங்ஸ்க்குப் போங்க!”

தம்பி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு… யாரு பேசறது?” என்றார் சுவாமி.

“சத்தம் இரைச்சலா இருக்கா? வால்யூமைக் கொறைங்க.”

“கொறச்சுட்டேன் சுவாமி. அடியேன் கொறச்சுட்டேன்.”

“சூப்பர்! அப்படியே நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க.”

கம்ப்யூட்டர் பாடுகிற எல்லாவற்றையும் லூப்பேக் விழுங்கும். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. நான் போட்ட டிக்கோ அதைக் கடல் தாண்டியும் அனுப்பிவிட்டது. சுவாமி பரவசத்தில் கைகூப்பியது ஒரு யூடியூப்காரருக்கு.

தம்பியின் முகம் குங்குமமாகிவிட்டது. “என்ன அபச்சாரம் இது! யார் பண்ணின காரியம்?”

ஓனரம்மா என்னைத்தான் பார்த்தார். திரையில் அந்த வீடியோ இன்னும் திறந்தே கிடந்தது. ஹெட்போன் சார் நடந்து வந்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதுகால் திரையை மறைத்து நின்றபடி அதை மூடினார்.

“என் ரூட்டுதாங்க தப்பு” என்றார்.

பதினோரு வருஷமாக இந்த ஒரு வரிக்காகக் காத்திருந்த ஓனரம்மா, அது கைக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு ஞாபகம் வந்து அரைமணி நேரம் திட்டினார். சார் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். தம்பி பேசியதில் பாதி வடமொழி. அதனால் வலி பாதிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சாரே சுவாமிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். சுவாமி சிரித்துவிட்டாராம். “பதறாதீங்கோன்னு சொன்னானே, யாரானா என்ன? நல்ல வார்த்தைதான்” என்று, விட்டுப்போன இடத்தை அப்போதே மறுபடி சாதித்தார். மண்டபத்தில் சாயங்காலம் குறையில்லாமல் நடந்தது. நான் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

போனதும் அவரிடம், “சார், நேத்து நான்தான்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். பழைய பெட்டி, அதுவா ஏதாவது பண்ணியிருக்கும். போய் வேலையைப் பாரு.”

இப்போதும் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், “அன்னிக்கு ரூட்டைத் தப்பாப் போட்டவர் இவர்தானே?” என்று அவர் காதுபடவே கேட்டுச் சிரிக்கிறார்கள். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பயந்தாங்கொள்ளி நான். ஆனாலும் அவர்களிடம் சண்டைக்குப் போய்விடுகிறேன்.