துணிக்கடைத் திறப்புவிழாவும் என் குசும்பும்

நான் ஒரு நடிகனின் ரசிகை. அவன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப்போய்ப் பார்ப்பீர்கள். உங்களுக்கும் பிடித்துவிடும். அவன் படத்துக்குக் கீழே நீங்களும் ஏதாவது எழுதுவீர்கள், அவன் உங்களுக்குப் பதில் சொல்லித் தொலைப்பான். ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தையே என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவன் வெறும் ‘நம்மாள்’தான்.

ரசிகைகளைப் பற்றி ஒன்று சொல்வேன். நம்மாள் கதாநாயகியைக் கட்டிப்பிடித்தால்கூட நாங்கள் மன்னித்துவிடுவோம், பாவம், அவளுக்கு அது பிழைப்பு. இன்னொரு ரசிகையை மட்டும் மன்னிக்கவே மாட்டோம். நான் அவனுக்குக் குடை பிடிக்கிற ஆளைப் பார்த்துக்கூட வயிறெரிந்திருக்கிறேன். (அவருக்கு ஐம்பது வயது, மீசையும் உண்டு.)

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. நம்மாள் மலையாளத்தில் ஒரு பாட்டுக் காணொளியில் கையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்த நாளிலிருந்து அவனைப் பின்தொடர்கிறேன். அப்போது அவனுக்கு இருபது வயது, எனக்கு இருபத்திரண்டு. மூன்று வருஷம் கழித்து எனக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளை எப்படி என்று அப்பா கேட்டார். ஊர் நல்ல ஊர் என்றேன். கோயில் ஊர் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்த அப்பாவுக்கு என் தெய்வபக்தி பிடித்துப்போயிற்று.

கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் தெரிந்தது, சினிமாக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கொச்சியில் இருக்கிறார்கள் என்று. நம்மாளும் கொச்சிதான். அன்று நான் அழுததை, அம்மா வீட்டு நினைப்பு என்று என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு, அல்வா வாங்கி வந்து கொடுத்தார்.

இதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது. என் நாத்தனார் கோமதி. அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அவளும் நம்மாளின் ரசிகை. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், மலையாளத்தில் படித்தவள், அவன் பாட்டை வரி பிசகாமல் பாடுவாள். நானோ அர்த்தம் தெரியாமல் முனகுகிறவள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் அவன் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதினாள், அவன் அதற்கு “தேங்க்ஸ் கோமதி” என்று பதில் போட்டு ஒரு சிவப்பு இதயமும் வைத்துவிட்டான். நான் மூன்று வருஷத்துக்கு மேலாக எழுதியதற்கு ஒரு புள்ளிகூட வந்ததில்லை. அவன் வாயில், சரி, அவன் விரலில், அவள் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அன்றிலிருந்து எனக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். கோமதி பக்கத்தில் நிற்கும்போது, அவள் பார்க்க, நம்மாளுக்கு என்னைத் தெரியவேண்டும்.

கல்யாணமாகி எட்டாவது மாதம் அதற்கு வழி பிறந்தது. தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு புதிய துணிக்கடை, திறந்து வைக்க நம்மாள் வருகிறான். கேரளத்தில் நடிகர்களைப் பார்க்கக் கடைத் திறப்புவிழாவைப்போல நல்ல இடம் கிடையாது. ரிப்பன் வெட்டுவார்கள், மேடையில் நாலு வார்த்தை பேசுவார்கள், ரசிகர்களில் ஒருவரை மேலே கூப்பிட்டுப் படமெடுத்துக்கொள்வார்கள். அந்த ஒருவர் நானாக இருக்கவேண்டும் என்று நானும், தானாக இருக்கவேண்டும் என்று கோமதியும் தனித்தனியே முடிவெடுத்து, அத்தையிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சேர்ந்தே பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

நான் கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். பத்து மணிக்கு வருகிறவன் ஒரு மணிக்குத்தான் வந்தான். அந்த மூன்று மணி நேர வெயிலில் என் பவுடர் கழுத்து வரை வழிந்து வந்திருந்தது. கோமதி சாதாரண சுரிதாரில், வியர்வையே இல்லாமல், இப்போதுதான் குளித்தவள் மாதிரி நின்றாள். அதற்கும் எனக்கு வயிறெரிந்தது.

நம்மாள் மேடை ஏறினான். பார்க்கத் திரையைவிட ஒரு சாண் குட்டை. (இதை அன்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.) நிகழ்ச்சி நடத்துகிற பெண் மைக்கோடு கூட்டத்துக்குள் இறங்கி, சாருடைய பெரிய ரசிகர் யார் என்று மலையாளத்தில் கேட்டாள். நூறு கை உயர்ந்தது. நான் தூக்கியது கைதானா என்று சந்தேகம், ஏனென்றால் முன்னால் நின்ற ஒருவருடைய கண்ணாடி கீழே விழுந்தது. மைக் நேரே என்னிடம் வந்துவிட்டது. பட்டுப்புடவை வேலை செய்திருக்க வேண்டும்.

பெயர் கேட்டாள். செண்பகம் என்றேன். உங்களிடம் என்ன விசேஷம், ஒன்று சொல்லுங்கள் என்றாள்.

நான் மூன்று நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அழகு, பாட்டு, படிப்பு எதுவும் என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் எங்கள் தெருவில் என்னைக் குறும்புக்காரி என்பார்கள். கேலி, கிண்டல், வாய்த்துடுக்கு. அதைச் சொல்லலாம், அதையும் மலையாளத்தில் சொன்னால் நம்மாள் மயங்கிவிடுவான் என்று கணக்கு. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்:

“எனிக்கு குசும்பு வளரெ கூடுதலா.”

எனக்குக் குசும்பு ரொம்ப அதிகம் என்று அர்த்தம். (இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, அன்று எனக்கு யாரும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழில் குசும்பு என்றால் குறும்பு. மலையாளத்தில் குசும்பு என்றால் பொறாமை.)

கூட்டம் சிரித்தது. ஆகா, எடுத்த எடுப்பிலேயே சிரிக்க வைத்துவிட்டோமே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையில் நம்மாளும் சிரித்தான். தன் மைக்கை எடுத்து, என்னைப் பார்த்து, என்னை மட்டும் பார்த்து, கேட்டான்:

“சேச்சிக்கு ஆரோடா குசும்பு?”

அக்காவுக்கு யாரிடம் குசும்பு என்கிறான். அக்கா என்றதில் நெஞ்சில் ஒரு முள் தைத்தாலும், கேள்வி என்னைக் கேட்டதாயிற்றே. அதற்கு மேல் மலையாளம் கைவசம் இல்லாததால் தமிழிலேயே தொடர்ந்தேன்.

“எல்லார்கிட்டயும்தான். வீட்டுக்காரர்கிட்ட, மாமியார்கிட்ட. யாரையும் விட்டு வைக்க மாட்டேன்.”

சிரிப்பு சாலைக்கு எதிர்ப்பக்கம் வரை போயிற்று. அது தப்பில்லையா என்று அவன் கேட்டான். இதில் என்ன தப்பு, எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு, எங்கள் அம்மாவுக்கு என்னைவிட ஜாஸ்தி, பாளையங்கோட்டையில் அது ரத்தத்திலேயே ஊறியது என்றேன். ஒரே மூச்சில் பெற்ற தாயையும் பிறந்த ஊரையும் சேர்த்துக் கவிழ்த்தேன். கோமதி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மைக்கைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கையை உதறினேன்.

எல்லாரையும்விட அதிகமாக யாரிடம் என்று நம்மாள் கடைசியாகக் கேட்டான்.

“இந்தா நிக்காளே, என் நாத்தனா, இவகிட்டதான். காலைல எந்திச்சதும் ஆரம்பிச்சிருவேன்.”

நம்மாள் சிரித்துச் சிரித்து மேடையிலேயே குந்திவிட்டான். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நாத்தனாரை மேலே அனுப்புங்கள், இவ்வளவு சகித்துக்கொண்டிருக்கிறவளுக்கு ஒரு படமாவது எடுத்துக் கொடுக்கவேண்டும் என்றான்.

கோமதி மேலே போனாள். நானும் பின்னாலேயே போனேன். கறுப்புச் சட்டை போட்ட தடியர் ஒருவர் கையை நீட்டி, ஒருவருக்குத்தான் அனுமதி என்று தடுத்தார். மேடையிலிருந்து கோமதி தன் போனை என்னிடம் நீட்டினாள். “மதினி, ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்.”

எடுத்தேன். பத்துப் படம் எடுத்தேன். ஒன்றாவது ஆடிப்போயிருக்கக்கூடாதா? பத்தும் கண்ணாடி மாதிரி வந்திருந்தன. என் கைமேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில்தான் கோமதி விஷயத்தைச் சொன்னாள். “மதினி, இங்க குசும்புன்னா அசூயை. நீங்க அம்மாகிட்ட, அண்ணன்கிட்ட, என்கிட்ட எல்லாம் பொறாமைன்னு மைக்ல பறஞ்சிட்டீங்க. நான் எத்தற தடவை கைய பிடிச்சு வலிச்சேன்.” (அவள் மலையாளத்தில் வலித்தால், தமிழில் இழுத்தாள் என்று அர்த்தம்.) எனக்குக் காது இரண்டும் சூடாயின. அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவளைப் பற்றி நான் சொன்னது மொழி தெரியாமல் சொன்னதுதான், ஆனால் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று கிழக்கேகோட்டை வரை அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அழுதுவிட்டேன். பட்டுப்புடவை முந்தானையால் மூக்கைச் சிந்தக்கூடாது என்ற விவரமும் அப்போது எனக்கு இல்லை.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் ரீல் வந்துவிட்டது. ஆரியசாலையில் எங்கள் கடை முன்னால் மூட்டை இறக்குகிறவர்கள் அதைச் சத்தமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, முதலாளியின் மனைவிக்குப் பொறாமை குறைந்ததா என்று என் வீட்டுக்காரரிடமே விசாரித்திருக்கிறார்கள். அவர் சாயங்காலம் வந்து கைகால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்து, ரசத்தை ஊற்றியதும் சிரித்துப் புரையேறி, ரசம் மூக்கு வழியாக வந்தது. அத்தை மூன்று தடவை கண்ணாடி மாட்டிக்கொண்டு ரீலைப் பார்த்தார். கோயிலுக்கு என்று பொய் சொன்னதைக்கூட அவர் கேட்கவில்லை.

“எங்கிட்ட பொறாமைப்பட என்னட்டி இருக்கு? மூட்டுவலிதான இருக்கு” என்றார் மெய்யான வருத்தத்துடன்.

அதோடு முடியவில்லை. யாரோ அதற்குச் செண்டை மேளம் சேர்த்தார்கள். ‘குசும்பு சேச்சி’ என்று சாலையில் காய்கறி வாங்கும்போதுகூடக் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போன் செய்து, என்னை எதுக்கு இழுத்த என்று அரை மணி நேரம் பேசினாள். வீட்டில் அந்த வார்த்தையைச் சும்மா சொல்லவே முடியாமல் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குசும்பு அதிகம் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அத்தை உடனே, “எந்த பாஷையில?” என்று கேட்பார். என்னைக் குத்துவதற்காக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்வார்.

நாலு வருஷம் ஆயிற்று. கோமதிக்குக் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள். அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சீரோடு சீராக எடுத்துப் போனாள். (எடுத்தவள் பெயர் அதில் இல்லை.) போன மாதம் லீவுக்கு வந்திருந்தபோது, நம்மாள் புதுப் படத்துக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு தியேட்டருக்கு வருகிறான் என்று தெரிந்தது. இருவரும் போனோம். இந்தத் தடவை அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டே போனோம்.

வெளியே வரும் வழியில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் வேண்டுமென்றே பின்னால் நின்றேன். கோமதி முன்னால் போய், போனில் அந்தப் பழைய படத்தை விரித்துக் காட்டி, என்னை ஞாபகம் இருக்கிறதா என்று சுத்தமான மலையாளத்தில் கேட்டாள். அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எல்லாருக்கும் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான். ஞாபகமில்லை என்பது நாலு வரிசை தள்ளி நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். பிறகு அவள் தோளுக்கு மேலே அவன் கண் என்னிடம் வந்தது. ஒரு வினாடி நின்றது.

“அய்யோ, நம்முடெ குசும்பு சேச்சி.”

நம்முடைய என்றான். அடுத்து ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று இன்றுவரை தெரியாது. எனக்குக் காது அடைத்துவிட்டது. படமெடுக்க இருவருக்குமே தோன்றவில்லை. அதற்குள் அவனைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வருகிற வழியெல்லாம் கோமதி வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, அத்தை அவளுக்காகவே செய்திருந்த அடையைத் தொடவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அத்தை என்னைக் கேட்டார். எனக்கு அன்று வாயெல்லாம் பல்.

“ஒண்ணுமில்ல அத்தை, அவளுக்குக் கொஞ்சம் குசும்பு” என்றேன்.

“எந்த பாஷையில?” என்றார் அத்தை வழக்கம்போல.

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கோமதி சொன்னாள். “மலையாளத்துலதான்மா.”