ஒப்பீட்டுப் பள்ளியில் நேர்ந்த விபரீதம்

கல்வியில் ஏற்றத்தாழ்வை ஒழிக்கும் மாபெரும் திருப்பணியில் பங்கேற்றவன் என்னும் பெருமிதத்துடன் இதனை எழுதுகிறேன். என் பெயர் ரெமிஜியஸ், ஓய்வுபெற்ற ஆசிரியன். என் சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா இருக்கும். திருமண அழைப்பிதழாயினும் தேவாலய அறிவிப்பாயினும், பிழை திருத்தாமல் கீழே வைத்ததில்லை.

இப்பழக்கத்தைக் கேள்வியுற்ற ஓர் ஆய்வு அறக்கட்டளை, மல்லேஸ்வரத்திலுள்ள தன் குளிரூட்டிய அலுவலகத்தில் எனக்குக் 'கள ஆலோசகர்' பதவியை அளித்தது. பெரிய நிறுவனமொன்றின் நிதியில் நடக்கும் ஆய்வு. ஆனேக்கல் பக்கம் இரண்டு அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தோம். முதற்பள்ளிக்குக் கன்னட வாசிப்புப் பயிற்சித் தாள்கள் வழங்கப்படும். மற்றது 'ஒப்பீட்டுப் பள்ளி'. அதற்கு ஒன்றும் வழங்கப்படாது. மூன்றாண்டு முடிவில் முதற்பள்ளி முன்னேறி, மற்றது பின்தங்கியிருந்தால், அரசு இத்திட்டத்தைக் கொள்கையாக்கும். கொள்கை ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தில் என் பெயர் அச்சாகும்.

"ஒப்பீட்டுப் பள்ளிக்கு எக்காரணங்கொண்டும் தாள் செல்லலாகாது" என்பது நான்காம் விதி. அதில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன, திருத்தினேன். வேறு பிழை என் கண்ணில் படவில்லை.

முதலாண்டுத் தேர்வு முடிவு வந்த அன்று அலுவலகமே துக்கவீடாயிற்று. இயக்குநர் லீனா தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார்.

"சார், முதல் ஸ்கூல் சராசரி அறுபத்தொண்ணு. கம்பாரிசன் ஸ்கூல் அறுபது!"

"மகிழ்ச்சிக்குரிய செய்தியன்றோ, மேடம்?"

"என்ன மகிழ்ச்சி? அந்தப் பசங்க படிச்சிருக்காங்க சார்! டேட்டாவே போச்சு. வித்தியாசம் இல்லாம கவர்ன்மென்ட்டுக்கு எதைக் காட்டறது? தாளை யாரோ லீக் பண்ணியிருக்காங்க. ஆளைக் கண்டுபிடிங்க. தாளையெல்லாம் வாங்கிட்டு வந்துடுங்க. ஃபார்ம்ல பேரை எழுதுங்க, வேலையை விட்டு நான் தூக்க வைக்கிறேன்."

என் முப்பத்துமூன்று ஆண்டுப் பணியில், மாணவர்கள் கற்றுவிட்டனர் என்னும் புகார் என்மீது ஒருமுறையும் எழுந்ததில்லை. ஆகவே இத்தகைய நெருக்கடியில் எனக்கு முன்னனுபவம் இல்லை. எனினும் முதற்பள்ளியில் சேர்ப்பிக்கவேண்டிய அடுத்த பருவத் தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

துப்பறிய வேண்டியிருக்கவில்லை. முதற்பள்ளியில் மதிய உணவு சமைக்கும் லட்சுமம்மா தாமாகவே முன்வந்தார். அவருக்கு வேலை இங்கே. மகள் தாரணி படிப்பது ஒப்பீட்டுப் பள்ளியில்.

"நான்தான் சார். சாம்பார் கொதிக்கிற நேரத்துல தாளை எடுத்துட்டுப் போய் ஜெராக்ஸ் போட்டேன். தாரணி அவ கிளாஸுக்கே குடுத்துட்டா. தப்பா சார்?"

"தப்பன்று, அம்மா. விதிமீறல். மூன்றாண்டு பொறுத்திருந்தால் எல்லாப் பள்ளிக்கும் முறைப்படி வரும்."

"தாரணி அஞ்சாவது சார். இந்த வருஷத்தோட அவளுக்கு அந்த ஸ்கூலே முடிஞ்சிடும், அப்புறம் யாருக்கு வருது? முன்னெல்லாம் பஸ் போர்டைக் காட்டி என்ன ஊருன்னு என்னைக் கேப்பா. எனக்கென்ன தெரியும்? நான் கண்டக்டரைக் கேப்பேன். இப்ப சந்தாபுரமா அத்திப்பள்ளியான்னு அவளே படிச்சு என்னை ஏத்தி விடறா."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு தாள்கட்டுடன் வந்தார்.

"இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க. அதுங்க படிச்சதை எப்படி சார் வாங்கிட்டுப் போவீங்க?"

நான்காம் விதியில் அதற்கு வழிவகை இல்லை.

சமையலறை வாசலிலேயே அமர்ந்து படிவத்தை நிரப்பினேன். 'ஏற்பட்ட சேதம்' என்ற கட்டத்தில், "இரு பள்ளிகளும் சமமாகிவிட்டன, ஏற்றத்தாழ்வை ஒழிக்க வந்த நம்மால் இதனைத் தாங்க இயலவில்லை" என்று எழுதினேன். 'கசியவிட்டவர்' என்ற கட்டத்தில், "ரெமிஜியஸ், கள ஆலோசகர்" என்று எழுதினேன். ஒற்றுப்பிழை ஏதும் இல்லை.

பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே, அடுத்த பருவத் தாள்களில் ஒரு பிரதியை அந்தக் கட்டின்மேல் வைத்து, லட்சுமம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.