டி-த்ரீ நைனாவும் காலிக் குழிகளும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் 2000-களில் வேலை பார்த்த எவருடைய தைராய்டும் டி-த்ரீ நைனாவின் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஊசி போட வந்தவர், உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வந்தவர், தீயணைப்புக் கருவியைச் சோதிக்க வந்து கூடவே சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்த அதிகாரி, எல்லோரும் மாட்டினார்கள்.

நான் அங்கே ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா லேப் டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். வாரத்தில் புதன்கிழமை மட்டும் தைராய்டு பரிசோதனை, அதாவது ரத்தத்தில் டி-த்ரீ என்ற தைராய்டு ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பது. அதற்கான பிளாஸ்டிக் பட்டையில், ஆளுக்கு ஒன்றாக ரத்தம் ஊற்ற, எட்டுக் குழிகள் இருக்கும். ஐந்து பேருக்குத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார் என்றால் மூன்று குழி வீண். திறந்த பட்டையை எடுத்து வைக்கவும் முடியாது. சோற்றை வீணாக்கினால்கூட நைனா பொறுத்துக்கொள்வார், குழியை வீணாக்கினால் பொறுக்கமாட்டார். வேறு பரிசோதனைக்காக எடுத்து மிஞ்சிய ரத்தத்தில் யாருடையது அகப்பட்டாலும் அதைக் காலிக் குழியில் ஊற்றிவிடுவார்.

அதோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. டிபன் கடை வாசலில் நான் இட்லிக்கு நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "சார், உங்க டி-த்ரீ ஷோக்கா கீது. அப்புறம் ஏன் எப்பப் பாத்தாலும் மூஞ்சிய உர்ர்னு வச்சிக்கினு கீறீங்க?"

நான் ரத்தம் கொடுத்தது சர்க்கரைக்கு; தைராய்டு பார்க்கக் கேட்கவே இல்லையே என்று அதிர்ந்து போனேன். கேட்காமல் ஒருவருடைய ரத்தத்தைச் சோதிப்பது தப்பு என்று எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தேன். புகாரைப் படித்த ஆஸ்பத்திரி மேனேஜரின் டி-த்ரீ அளவையும் நைனா மறுவாரம் வந்து சொன்னார்.

வியாழக்கிழமைதோறும் என் அறைக்கு வருவார். "அந்த எட்டாம் பெட்டு இன்னா ஆனாரு?" என்பார். அவருக்கு முக்கியமாக வேண்டியது கணைய அழற்சி நோயாளிகளின் கதை. குடியாலோ பித்தப்பைக் கல்லாலோ கணையம் வெந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் எங்களிடம் அதிகம். அவர்களில் டி-த்ரீ சரிந்தவர்கள் இரண்டொரு நாளில் மோசமாவார்கள், சரியாதவர்கள் நடந்தே வீட்டுக்குப் போவார்கள் என்பது அவர் கட்சி. நான் அவர் மூக்கை உடைப்பதற்காகவே கேஸ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவர் கணிப்பு இரண்டு முறை தப்பியிருந்தது. மற்றதெல்லாம் ஒத்துப்போயிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை குத்தும் வலியோடு நானே எட்டாம் பெட்டில் படுத்தேன். பித்தப்பைக் கல் வேலை, லேசான கணைய அழற்சிதான், இரண்டு நாள் பட்டினியும் டிரிப்ஸும் போதும் என்றார் டாக்டரம்மா. வலிக்கு ஊசி போட்டதும் டைரியை வாங்கி அதையெல்லாம் நேரம் குறித்து எழுதிவைத்தேன்.

மதியம் நைனா வந்தார். வந்தவர் பேசவில்லை. எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான்.

"நைனா, இன்னிக்குக் குழி காலியா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"என்னோடது எவ்வளவு?"

அவர் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தார். "மெஷின் சரியில்ல சார். இன்னொரு தபா போட்டுக்கினு கீறேன்."

மெஷினைக் குறை சொன்னவன் எவனையும் நைனா சும்மா விட்டதில்லை. என் டி-த்ரீ சரிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அவர் நேரே டாக்டரம்மாவிடம் போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்டது. உடம்புக்கு எது வந்தாலும் டி-த்ரீ இறங்கத்தான் செய்யும், அதை வைத்து ஒருவரைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"கரெக்டு மேடம். நம்பர நம்பாதீங்க," என்றார் நைனா. "ஆள ஒரு தபா வந்து பாருங்க. அது போதும்."

தொல்லை விட்டால் சரி என்றுதான் டாக்டரம்மா வந்திருக்க வேண்டும். என் மூச்சை எண்ணினார். சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார், ஏறக்குறைய காலி. விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் காட்டும் கருவியைப் பார்த்தார், அளவு இறங்கியிருந்தது. பிறகு மறுபடி மூச்சை எண்ணினார். அரை மணியில் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

சென்னையில் பல வாரம் கிடந்தேன். மறுநாள் வந்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று அங்கே சொன்னார்கள். எண் காப்பாற்றியதா, நைனாவின் பிடிவாதம் காப்பாற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அந்த ஆம்புலன்ஸ் பயணம்தான். பரிசோதனை நாளில் லேபைப் பூட்டிவிட்டு, யாரும் கூப்பிடாமலே நைனா ஏறிக்கொண்டார். நான் கண்ணை மூடிவிடக் கூடாதாம். கவரைப்பேட்டையில் ஆரம்பித்து ஒவ்வொருவர் டி-த்ரீயாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாட்ச்மேனுடையது, மேனேஜருடையது, டிபன் கடைக்காரர் மாமியாருடையது. "கேக்குறீங்களா சார்? உம் கொட்டுங்க," என்று தோளைத் தட்டினார். அவரை வாயை மூடச் சொல்லி அதுவரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று, எங்கே நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில், செங்குன்றம் தாண்டியும் உம் கொட்டிக்கொண்டே போனேன்.