பிறவுணிக்குத் தெரிந்த வழி

"தம்பி, நாயை எங்கடை ஒழுங்கையிலை விடாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

இணுவிலில் ஒரு மதில் நிழலில் தன் நாய் பிறவுணியோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிவகரனுக்குப் புரையேறியது. விளக்குமாறும் கையுமாக வாசலில் நின்ற இரத்தினம்மாவை அவன் அதற்குமுன் கண்டதே இல்லை.

"நான் ஏனம்மா விடப்போறன்? இது என்ரை நாய்."

"அவையவை தங்கடை நாயைத்தானே கொண்டுவந்து விடுகினம்?"

நியாயமான கேள்விதான். வேண்டாத நாயை யாழ்ப்பாணத்தில் யாரும் கொல்வதில்லை, பாவம் என்று. அயலூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். பாவமும் அந்த ஊரோடு போய்விடும்.

"நாங்கள் நடக்கிறமம்மா. ஹைக்கிங்."

"ஏன், பஸ் ஓடேல்லையோ?"

"ஓடுது. இது சும்மா நடக்கிறது."

"சும்மாவோ? நாயோடையோ? உந்தப் பெரிய பாக்கிலை என்ன?"

ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, முதுகுப் பையை இறக்கித் திறந்தான். நைலோன் கயிறு, விரித்துப் படுக்க ஒரு படங்கு, மூன்று பக்கற் மாரி பிஸ்கற்.

"கயிறும் பிஸ்கற்றும்! விடுறவையும் உதைத்தான் கொண்டுவாறவை. பிஸ்கற்றைப் போட்டிட்டு ஓடுறது." இரத்தினம்மா போனை எடுத்தாள். "உரும்பிராயிலை என்ரை தம்பி இருக்கிறான். சொல்லி வைக்கிறன்."

சிவகரன் சண்டிலிப்பாய்க்காரன். கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர். பிறவுணி இரண்டு தரம் காணாமல் போயிருந்தது. இரண்டும் சனிக்கிழமை. இரண்டு தரமும் மறுநாள் மாலை, செம்மண் அப்பிய காலோடு நொண்டி நொண்டி வந்தது. அந்த நாட்களில் வீட்டில் நல்ல இதரை வாழைப்பழம் இருந்தும், கவலையில் அவனுக்கு மூன்றுக்கு மேல் இறங்கவில்லை.

"உது ஓடுகாலி நாய்," என்றாள் அவன் மனைவி தயாளினி, தன் சிவப்பு ஸ்கூட்டியைத் துடைத்தபடி. "இன்னொருக்காக் காணாமல் போச்செண்டால், திரும்பி வந்தாலும் நான் கேற் திறக்கமாட்டன்."

பிறவுணி இல்லாத வீட்டைச் சிவகரனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. இரவிரவாக வீடியோக்கள் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தான். நாய்க்கு நடை ஆசை. அந்த ஆசையைத் தீர்த்துவைத்தால் வீட்டோடு இருக்கும்.

"கீரிமலைப் பக்கமெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று தயாளினியும் சம்மதித்தாள்.

ஆனால் சந்திக்கு வந்ததும் பிறவுணி கீரிமலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த எந்தச் சந்தியிலும் அது தயங்கவில்லை. பிறவிக் குணம் என்று சிவகரன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

உரும்பிராயில் மூன்று பேர் இரண்டு மோட்டார் சைக்கிளோடு காத்துநின்றார்கள். முன்னால் நின்றவர் இரத்தினம்மாவின் தம்பி இராசநாயகம்.

"இணுவிலிலை விடேலாமல் இஞ்சை கொண்டுவந்திட்டீரோ?"

"அண்ணை, இது என்ரை செல்ல நாய். கூப்பிட்டால் ஓடிவரும். நீங்களே பாருங்கோ."

கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு, தூரத்தில் நின்று கூப்பிடுவதற்காகச் சிவகரன் வேகமாகப் பத்தடி நடந்தான். அந்த வேகம்தான் பிழையாகப் போயிற்று.

"பிடியுங்கோ, விட்டிட்டு ஓடுறான்!"

சேர்ட் கொலரைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் தெறித்தது. இதற்கிடையில் பிறவுணி தன்பாட்டில் நீர்வேலி வீதியில் போய்க்கொண்டிருந்தது. சிவகரன் பிடியை உதறினான். மூன்றாம் தரமும் காணாமல் போனால்?

"பிறவுணி! டேய், பிறவுணி!"

அது நின்று திரும்பிப் பார்த்தது. வரவில்லை. இவன்தான் ஓடிப்போய்ப் பிடித்துப் பட்டியைப் பூட்டினான்.

"நாயே உவரைக் கணக்கெடுக்கேல்லை," என்றார் பின்னாலேயே வந்த இராசநாயகம். "எங்கை விடக் கொண்டுபோறீர்? உள்ளதைச் சொல்லும்."

உள்ளதைச் சொல்லிக் களைத்துப்போன சிவகரன் பொய்க்கு மாறினான்.

"நீர்வேலியிலை மச்சான் கேட்டவர். குடுக்கக் கொண்டுபோறன்."

எல்லாருடைய முகமும் மலர்ந்தது.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே! மச்சான்ரை பேர்?"

"ஆழ்... ஆழ்வாப்பிள்ளை."

அது அவனுக்குச் சின்ன வயதில் கணக்குப் படிப்பித்த வாத்தியாரின் பெயர். இந்தக் காலத்தில் நீர்வேலியில் யாருக்கும் இருக்காது என்று நம்பினான்.

"வாழைத்தோட்டத்து ஆழ்வாப்பிள்ளையோ? அட, எங்கடை ஆள்! வாரும், நாங்களும் வாறம்."

முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், நடுவில் சிவகரன். நீர்வேலியில் யாரும் வழி காட்டத் தேவைப்படவில்லை. பிறவுணி தானாகவே ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, வாழைகளுக்கிடையால் புகுந்து, கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடித்தது.

"அண்ணை, உங்கடை மச்சான் நாய் கொண்டுவந்திருக்கிறார்," என்றார் இராசநாயகம்.

ஆழ்வாப்பிள்ளை மண்வெட்டியைக் கீழே வைத்தார். சிவகரன் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆளைத் தெரியாது என்று இவர் சொன்னால், நாய்க் கள்ளன் என்று நாயைப் பறித்துக்கொண்டுதான் விடுவார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதை நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவரை எனக்குத் தெரியாது. நாயைத்தான் தெரியும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "முந்தி ரெண்டு சனிக்கிழமையும் சிவப்பு ஸ்கூட்டியிலை ஒரு பிள்ளைதான் இதைக் கொண்டுவந்து விட்டிட்டு, ஒரு சீப்பு இதரையும் வாங்கிக்கொண்டு போனது. இந்தமுறை ஏன் தம்பி, அவவுக்கு வரேலாமல் போச்சோ?"