என் மனைவியின் மருந்துகளை நான் குடித்த விவரம்

கச்சிராயபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் சிவசங்கருக்கு,

உன் அக்காள் புருஷன் கண்ணாயிரம் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. முதல் வரியிலேயே பொய் வேண்டாமே என்று நிறுத்திக்கொண்டேன். ஆவடியில் நீயும் விஜயலட்சுமியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "மாமா, பப்பாளி எல சாறு ஒண்ணு கீது, கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் அக்காளுக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது. மார்பில் இருக்கும் கட்டி கரைகிறது என்கிறார்கள். கூடவே பெரியநாயகியும் கரைகிறாள், அதுதான் என் கவலை. ஊசி ஏறி வந்ததும் வாந்தி. வாந்தி நின்றால் மலச்சிக்கல். அது விட்டால் வயிற்றுப்போக்கு. எதைத் தின்றாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதாம். எடை இன்னும் இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அது நல்லதில்லை என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இஞ்சித் தண்ணி கொஞ்சம் குடிக்கலாம். மத்தபடி வேரு, பொடி, கஷாயம் எதுவானாலும் என்னைக் கேக்காம குடுக்காதீங்க. சிலது எங்க மருந்தோட சேர்ந்தா கல்லீரலைக் கெடுத்துடும்" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். ஆட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு விட இடமில்லை.

நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. முன்பெல்லாம் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வரும். இப்போது அவை மரியாதைக் குறைவாகிவிட்டன. ஆளுக்கொரு மூலிகை வந்தால்தான் உறவு. கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நோயாளி குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும் வரை யாரும் எழுந்திருப்பதில்லை. களமருதூரிலிருந்து என் அக்காள் செல்லியம்மாள் மாதுளை ஓட்டைக் காயவைத்து எடுத்து வந்தாள், வயிற்றுப்போக்கு நிற்பதற்கு. அவள் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் பங்காளி பச்சமுத்து கடுக்காய்ப் பொடியோடு வந்துவிட்டான், மலச்சிக்கல் இளகுவதற்கு. வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன் அவன். "மலையிலேர்ந்து வந்த சரக்கு அண்ணி. அக்கா கொண்டாந்ததுல ஒண்ணும் ஜாஸ்தி பவரு இல்ல" என்றான். "ஏண்டா, எம் மருந்து இன்னா கம்மியா?" என்று செல்லியம்மாள் எழுந்தாள். ஒருத்தரைக் கையமர்த்தினால் இன்னொருத்தர் கோபித்துக்கொள்வார். இரண்டையும் மறுத்தால் அக்காளும் போவாள், வரப்பும் போகும்.

அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. புத்தி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். "சூடு பண்ணி எடுத்தாறேன்" என்று அவர்கள் கலக்கி வைத்த இரண்டு டம்ளரையும் சமையல்கட்டுக்குள் கொண்டுபோய், இரண்டையும் நானே குடித்துவிட்டு, அவற்றில் இஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து உன் அக்காளிடம் நீட்டினேன். உன் அக்காள் எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்கே தெரியும். ஒரு மடக்கு குடித்ததுமே புரிந்துகொண்டு, கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, "யம்மாடி, இன்னா கசப்பு!" என்றாள் பார், இரண்டு பேருக்கும் பரம திருப்தி. வாழைமரத்தில் ஊற்றியிருக்கலாமே என்பாய். நோயாளிக்கு வந்த மருந்தை மண்ணில் கொட்டினால் நோயாளிக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கொட்டப் போனால் கை வரவில்லை, சிவசங்கர். என்ன செய்யச் சொல்கிறாய்?

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குள்தான் போயிற்று. நிலவேம்பு போயிற்று, வில்வம் போயிற்று, பெயர் தெரியாத ஒரு பச்சை விழுதும் போயிற்று. அதைக் கொண்டுவந்த எதிர்வீட்டு இருசம்மாளுக்கே அது என்னவென்று தெரியவில்லை. "யூடியூப்புல பாத்தேன், பேரு மறந்துபூட்சி, நல்லதுதான்" என்றாள். கடுக்காய் போ என்கிறது, மாதுளை ஓடு நில் என்கிறது, நடுவில் என் வயிறு படும் பாட்டை யாரிடம் சொல்வது? உன் அக்காளுக்கு டாக்டரம்மா என்னென்ன பக்கவிளைவு சொன்னாரோ அத்தனையும் எனக்கு வந்தன, முடி கொட்டுவதைத் தவிர. அது எனக்கு ஏற்கெனவே கொட்டிவிட்டது.

இத்தோடு முடிந்ததா? கடுக்காய்ப் பொடி கொடுத்த மலை வைத்தியரை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று பச்சமுத்து என்னை வெள்ளிமலைப் பக்கம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வைத்தியர் மலைக்காரரே இல்லை. கீழேயிருந்து போய்ப் பலகை மாட்டிக்கொண்டவர். நோயாளி வரவில்லையே என்றதற்கு, "கைய நீட்டுங்க. புருஷன் நாடி வேற, பொண்டாட்டி நாடி வேறயா?" என்று என் கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாவுக்குக் குடல் ரொம்ப அலண்டு கீது" என்றார். என் குடலைப் பற்றி அதுவரை அவ்வளவு சரியாகச் சொன்னவர் எவருமில்லை. பொடி வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. வைத்தியருக்கே போன் செய்து கேட்டேன். "மலையில பறிக்க வுடமாட்டேங்கறாங்கங்க. கள்ளக்குறிச்சியில வாங்கியாந்து மலைக்காத்துல காய வெச்சிக் குடுக்கறோம். காத்துலதாங்க விஷயமே கீது" என்றார். அதையும் குடித்தேன்.

மறுநாள் சோளக்காட்டில் மயங்கி விழுந்தேன். பக்கத்து கிளினிக்கில் என்னைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு பெரியநாயகி பக்கத்தில் நிற்க, நர்ஸ் பெண் தனுஷா குழம்பிப்போய், "உங்கள்ல பேஷண்ட் யாருங்க?" என்று கேட்டாள். உன் அக்காள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். மார்கழியில் கட்டி என்று தெரிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் செய்தி பரவி, என்னைப் பார்க்க செல்லியம்மாளும் பச்சமுத்துவும் வந்துவிட்டார்கள். கையில் என்ன என்று கேட்கிறாயா? எனக்குக் கஷாயம்!

போதும் என்று முடிவெடுத்தேன். டாக்டரம்மா யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் புளுகி, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிவிட்டேன். இப்போது வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா? ஒரு சத்தம் இல்லை. பெரியநாயகி ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு ரோட்டையே பார்த்தபடி ஓய்வெடுக்கிறாள். சாப்பாடுதான் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாளாக நாளாகச் சரியாகிவிடும். ஆகவே மச்சான், நீயும் பப்பாளி இலையைத் தூக்கிக்கொண்டு வராதே. வேரும் வேண்டாம், தூளும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்.

விஜயலட்சுமிக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி அண்டாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
கண்ணாயிரம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்காள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "ஏங்க, கேட்ட பூட்டனதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கலீங்க. ஆளுக்கொரு வேரைத் தூக்கினு வர்ற வரிக்கும், நான் பொழச்சிக்குவேன்னு அவங்க நெனக்கிறாங்கன்னுதான அர்த்தம்? என்னிக்கு வெறுங்கையோட வர்றாங்களோ அன்னிக்குத்தான் நான் பயப்படணும்" என்றாள். இடுப்பிலிருந்த சாவியை உருவினேன். போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. சளி, காய்ச்சல் இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு வந்துவிடு. பப்பாளி இலையை மறக்காமல் கொண்டுவா. கொஞ்சமாகக் கொண்டுவா, குடிக்கப்போகிறவன் நான்.