வாய்க்காலில் இறங்கும் கிரேன்

எங்கள் ஊரில் விழாத மனிதர் கிடையாது. கிரேன் தூக்காத மனிதரும் கிடையாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் சாலை வாய்க்காலை ஒட்டியே போகும். எதிரே பஸ் வந்தால் பைக்கில் போகிறவர் ஒதுங்குவது தண்ணீருக்குள்தான். மாதா கோயிலில் மணியடிக்கும் ஒல்லி மனிதருக்குக் கிரேன் என்ற பெயர் வந்தது விழுந்தவர்களைத் தூக்கித் தூக்கித்தான். ஞானஸ்நானப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவர் தூக்கும் முறையே தனி. கரையில் நின்று கை நீட்டமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, விழுந்தவர் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்துகொள்வார். "மழை வருமா தம்பி?" என்று விசாரிப்பார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் உரக்க, "கொஞ்சம் கை குடுங்க தம்பி, எழுந்திரிக்க முடியல!" என்பார். விழுந்தவர் பதறி எழுந்து இவரைத் தூக்குவார். "கிரேன் மறுபடியும் விழுந்துட்டாருப்பா" என்று சிரித்தபடி கூட்டம் கலையும்.

ஒருமுறை புது மாப்பிள்ளை ஒருவர் பட்டுவேட்டியோடு விழுந்தார். கிரேன் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். வாய்க்காலில் கிடந்த பெரியவரைக் காப்பாற்றிய வீரர் என்று மாமனார் வீட்டில் அந்த மாப்பிள்ளைக்கு இன்றுவரை பெயர். அவரும் மறுக்கவில்லை.

நான் விழுந்த விதம் வேறு. பத்திரிகையில் எழுதுகிற எனக்கும் அங்கே, கிரேன் வயலுக்குப் பக்கத்தில், ஒரு ஏக்கர் உண்டு. மூன்று வருடம் முன்பு கடைமடைக்கு வந்ததே கொஞ்சம் தண்ணீர். அன்று தண்ணீர் பாய்ச்சுவது கிரேனுடைய முறை. ஞாயிற்றுக்கிழமை அவர் மணியடிக்கப் போன நேரம் பார்த்து, அவர் மடையை அடைத்து என் பக்கம் வெட்டிவிட்டேன். பூசை முடிந்த மணி கேட்டதும் ஓடினேன். மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு! இரவல் போனால் திரும்பி வரட்டும் என்று அதன் பிடியில் என் மனைவி சிவப்புப் பெயின்டில் என் பெயரை முழுசாக எழுதியிருந்தாள்.

கிரேனின் நாற்று காய்ந்தது. மாதா கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

"பத்திரிகையில ஊருக்கெல்லாம் புத்தி சொல்றாரு, இங்க தண்ணி திருடுறாரு!"

"இந்தப் போகம் முழுக்க இவருக்குத் தண்ணி கிடையாது" என்றார் பாசனச் சங்கத் தலைவர். என் சம்பா அவ்வளவுதான். ஊரில் தலைகாட்டவும் முடியாது. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். கிரேன்!

"தலைவரே, போன வருஷம் நானும் இவரு மடையை வெட்டியிருக்கேங்க. தண்ணிய நிறுத்துறதா இருந்தா ரெண்டு பேருக்கும் நிறுத்துங்க."

"கோயில்ல மணியடிக்கிற ஆளாய்யா நீரு!" கூட்டம் அவர்மீது பாய்ந்தது. கடைசியில், இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ள வேண்டும் என்று தீர்ப்பு. தண்ணீர் தப்பியது.

"கொஞ்சம் கை குடுங்க தம்பி, எழுந்திரிக்க முடியல" என்றார் கிரேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஆகாயத்தாமரை அள்ளும்போது கேட்டேன்: "போன வருஷம் எப்பண்ணே என் மடையை வெட்டினீங்க?"

"போன வருஷம் எங்க தம்பி தண்ணி வந்துச்சு? நல்லவேளை, கோவத்துல யாருக்கும் அது ஞாபகம் வரல. பொய் சொன்னதை ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க நாத்தைக் காயப்போட்டவன்ணே நான். கோவமே வரலியா?"

"வராமலா? அன்னிக்கு அடிச்ச அடியில மணிக்கயிறே அறுந்துபோச்சு! அப்புறம், நாங்க மத்தவங்களை மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னிச்சுக்கன்னு தெனம் ஜெபத்துல எந்த வாயால சாமிகிட்ட கேக்குறது? உங்களை மன்னிக்காம விட்டா நானும்ல மாட்டிக்குவேன்! சுயநலந்தான் தம்பி."

என் நாற்றில் பாதியைப் பறித்து அவர் வயலில் நட்டோம்.

போன மாதம் கிரேன் நிஜமாகவே வழுக்கி விழுந்தார். முழங்கால் மடங்கவில்லை. கரையில் கூட்டம் சேர, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேன்ட், செருப்பு, பையில் செல்போன் எல்லாவற்றோடும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மழை வருமாண்ணே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கரைக்குக் கேட்கும்படி கத்தினேன்: "கொஞ்சம் கை குடுங்கண்ணே, எழுந்திரிக்க முடியல!"

விழுந்து கிடந்த என்னைக் கிரேன்தான் தூக்கிவிட்டார் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.