இரண்டு கட்டைவிரல் கையுறை

வில்பர், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அட்லா அக்காவுக்குத் தம்பி எம்மெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் லோர்னாவும் சௌக்கியம், சோளம் சௌக்கியம், நாய் சுமார். அங்கே உன் ரத்தக்கொதிப்பும் ஓட்டோ அத்தானின் முழங்காலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்று எழுதினேனே தவிர, எனக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். போன் சமையலறையில் இருக்கிறது, லோர்னாவும் சமையலறையில்தான் இருக்கிறாள். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவன் நான், என் ரகசியத்தையும் தபாலே சுமக்கட்டும்.

விஷயம் நம் டோபியைப் பற்றியது. பையன் இரண்டு கையாலும் பந்து எறிகிறவன் என்பது உனக்குத் தெரியும். வலது பக்கம் நின்று அடிக்கிறவனுக்கு வலது கையால் எறிவான், இடது பக்கம் நிற்கிறவனுக்கு இடது கையால் எறிவான், ஆக எவன் மட்டையோடு வந்தாலும் அவனுக்குத் தலைவலிதான். சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடுகிறவர்களில் இப்படி ஒருத்தன் அகப்படுவது அபூர்வம். அதற்காக அவனுடைய ஐந்து வயதிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஒரு நாள் இந்தக் கையால் சூப், மறுநாள் அந்தக் கையால் சூப், அவன் சட்டையைத் துவைத்தே லோர்னா பாதியாகிவிட்டாள். இப்போது மேனேஜர் ஹார்லன், டீமில் அவனுக்கும் ப்ரூயிட் என்ற இன்னொரு பையனுக்கும் சேர்த்து ஒரே இடம்தான், வருகிற திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்வேன் என்று சொல்லிவிட்டாராம். ப்ரூயிட்டுக்குப் பத்தொன்பது வயது, பந்து புல்லட் மாதிரி போகிறது. டோபிக்கு இருபத்தாறு. தபால் இலாகாவில் இருபத்தாறு என்றால் குழந்தை, பேஸ்பாலில் கிழவன். என் பிள்ளையைக் காப்பாற்றப்போவது அந்த இரண்டாவது கை ஒன்றுதான் அக்கா, அந்தக் கைக்குத்தான் நான் உலை வைத்துவிட்டேன்.

எறியாத கையில்தானே கையுறை இருக்க வேண்டும்? இவன் கை மாற்றிக்கொண்டே இருப்பதால் கையுறையும் மாற வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்து, மொத்தம் ஆறு விரலோடு, சொல்லிச் செய்வார்கள். செய்து வர நாலு மாதம். அது போன மாதம் இங்கே வந்தது. டோபியிடம் சொன்னேன், "அங்கேயே இருக்கட்டும்ப்பா, அவசரமில்ல" என்றான். அடக்கமான பையன், அப்பாவுக்கு எதற்குச் சிரமம் என்று நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். புதுக் கையுறை பலகை மாதிரி விறைப்பாக இருக்கும் அல்லவா, நம் வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எண்ணெய் தேய்த்து, உள்ளே பந்தை வைத்து, ஒரு கட்டைவிரல் துருத்திக்கொண்டு நின்றதால் அதை உள்ளே மடக்கி, இறுக்கிக் கட்டி மெத்தைக்கு அடியில் வைத்தேன். லோர்னாவின் பக்கம். மூன்று வாரம். அவள் முதுகு வலிக்கு டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்தாள், நான்தான் வண்டி ஓட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டோபி கூப்பிட்டான். "அப்பா, பழைய கிளவுஸ் கிழிஞ்சுபோச்சு, அடுத்த வாரம் சனிக்கிழமை ஆட்டம் இருக்கு, அதை அனுப்பிடுறீங்களா?" ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். அக்கா, கையுறை ஒரு பக்கமாகவே படிந்துபோயிருக்கிறது. மடக்கின கட்டைவிரல் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கையில் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது, மற்றக் கையை உள்ளேயே விடமாட்டேன் என்கிறது. சூடு காட்டினால் இளகும் என்று லோர்னா பிளம் பழம் வைத்த கொலாச் ரொட்டி ஒரு தட்டு சுட்டு எடுத்த அடுப்பில் பத்து நிமிஷம் வைத்தேன், நான் எடுத்த கையோடு அவள் அடுத்த தட்டை அதிலேயே வைத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் இரண்டு கொலாச் தின்றுவிட்டு "வித்தியாசமான வாசனை, புதுசா ஏதாவது சேர்த்தியாம்மா?" என்று கேட்டார். அப்புறம் எதிர்ப்பக்கமாக மடித்துப் பிக்கப் வண்டியை அதன் மேலே ஏற்றினேன். நாலு தரம். பக்கத்து வீட்டு மிலோஷ் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "அது செத்துடுச்சு எம்மெட், விட்டுடு" என்றான். அது சாகவுமில்லை, நிமிரவுமில்லை.

அதனால் இந்தக் கடிதத்தோடு கையுறையையும் அனுப்புகிறேன். அத்தான் நாற்பது வருஷம் சேணம் தைத்தவர், அவர் கைக்கு வளையாத தோல் உண்டா? வியாழக்கிழமைக்குள் அந்தக் கட்டைவிரலை எழுப்பி நேரே டோபிக்கு அனுப்பச் சொல். பிளம் வாசனை வந்தால் பொருட்படுத்த வேண்டாம். என்னால் அவன் வேலை போயிற்று என்றால் அந்தப் பையன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? லோர்னாவிடம் மூச்சு விடாதே.

உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும், தக்காளிக்கு நல்ல மழையும் கர்த்தர் அருளட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கலங்கிப்போன தம்பி,
எம்மெட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டோபியே கூப்பிட்டுவிட்டான், நல்லவேளை லோர்னா கடைக்குப் போயிருந்தாள். மறைக்க முடியவில்லை, மெத்தை முதல் பிக்கப் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்புறம், "எந்தக் கையில ஏறுதுப்பா?" என்றான். வலது கையில் என்றேன். "அப்ப சரி, அப்படியே அனுப்புங்க. நான் ஜூன்லேருந்து இடது கையாலதான் எறியுறேன். வலது தோள் ரொம்ப வலிக்குது, அந்தக் கையால எறிஞ்சா எப்பவுமே வலிக்கும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஹார்லன் நேத்தே சொல்லிட்டாரு, டீம்ல நான் இருக்கேன். ஒழுங்கா எறியுற ஒரு கை போதும்னாரு."

லோர்னாவிடம் சொன்னேன். அவளுக்கு ஜூன் மாதமே தெரியுமாம். மெத்தைக்கடியில் இருந்ததும் தெரியுமாம், நான் எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று பார்த்தாளாம். ஆகவே அத்தானைத் தொந்தரவு செய்யவில்லை, கையுறை நேராக டோபிக்கே போகிறது. கடிதம் மட்டும் உனக்கு. அவன் முதல்முதலாகப் பந்து எறிந்தபோது நீ எங்கள் முற்றத்தில்தான் இருந்தாய். "இடக்கைப் பையன்டா இவன், பேசாம விட்டுடு" என்றாய். இருபத்தொரு வருஷம் கழித்து விட்டுவிட்டேன், அக்கா.